கதவு யார் சொல்லைக் கேட்கும்?

கலிபோர்னியாவில் ஒருவர், தம் வீட்டு கார் ஷெட்டின் கதவைத் திறக்கும் மோட்டார் பழசாகிவிட்டது, புதிது போடலாம் என்று கிளம்பினால், பேட்டரி இல்லாத மோட்டாரை அவருக்கு யாரும் விற்கக் கூடாது, மாட்டித்தரவும் கூடாது. மீறுகிறவருக்கு 1,000 டாலர் அபராதம். "மோட்டார் நன்றாகத்தான் ஓடுகிறது, கதவுதான் நசுங்கிவிட்டது. புதுக் கதவை வாங்கிப் பழைய மோட்டாரோடு இணைத்துக்கொள்கிறேன்" என்றாலும் விடமாட்டார்கள். அந்தப் பழைய மோட்டாரில் பேட்டரி இல்லையென்றால் புதுக் கதவை அதோடு இணைப்பதே குற்றம்.

ஒரு கதவு மோட்டாருக்கு இத்தனை சட்டமா என்றுதான் எனக்கும் தோன்றியது. அந்த மாநிலத்தில் இருக்கும் என் மகள் வீட்டில் இந்த மோட்டாரை மாற்றினார்கள். கடைக்காரர் இந்தச் சட்டத்தைச் சொல்லித்தான் விலையைக் கூட்டினாராம். மாப்பிள்ளைக்குச் சந்தேகம், வியாபாரத் தந்திரமாக இருக்குமோ என்று. "மாமா, நீங்கள்தான் சட்டம், அரசாணையெல்லாம் படிக்கிற ஆளாயிற்றே, பாருங்களேன்" என்றார். ஓய்வு பெற்ற யூ.டி.சி.க்கு வேறென்ன வேலை? படித்தேன். படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. நூறு வருஷமாக இந்த மோட்டாரின் கதையெல்லாம் ஒரே கேள்வியைச் சுற்றித்தான்: கதவு யார் சொல்லைக் கேட்க வேண்டும்?

முதலில் பெயர். அமெரிக்கர்கள் இதை கராஜ் என்கிறார்கள். சொல் பிரெஞ்சுக்காரனுடையது. 'கரே' என்ற வினையிலிருந்து வந்தது. பத்திரமாக ஓரம்கட்டி நிறுத்துவது என்று பொருள். ரயில் நிலையத்துக்கு பிரெஞ்சில் சொல்லும் 'கார்' என்பதும் அதே வேர்தான். புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு இது சின்ன வயதுக் குழப்பம். தமிழில் எழுதினால் ரயில் நிலையமும் 'கார்', வீட்டில் நிற்கும் வண்டியும் 'கார்'. 'காரிலிருந்து கார் எடுத்து வந்தோம்' என்று எழுதிவிட்டுச் சிரிப்போம்.

நிற்க. குதிரை வண்டிக் காலத்தில் லாயம் வீட்டை விட்டுத் தள்ளித்தான் இருக்கும். சாணி, ஈ, வைக்கோல், தீப்பிடிக்கும் பயம், எல்லாம் காரணம். மோட்டார் கார் வந்தபோது வசதியுள்ளவர்கள் அதையும் கொண்டுபோய் லாயத்தில்தான் நிறுத்தினார்கள். லாயத்துக் கதவு இரட்டைக் கதவு, வெளிப்பக்கம் திறப்பது. பனி கொட்டும் ஊரில் அந்தக் கதவைத் திறக்க வேண்டுமானால் முதலில் வாசலில் குவிந்த பனியை வாரிக் கொட்ட வேண்டும். கனத்த மரக் கதவு தன் பாரத்தாலேயே கீலிலிருந்து தொங்கிவிடும்.

இதற்கு வழி கண்டவர் சி. ஜி. ஜான்சன். கதவைக் குறுக்கே சில பட்டைகளாக வெட்டி, கீல் போட்டுக் கோத்து, இரண்டு பக்கமும் தண்டவாளம் மாதிரித் தடம் வைத்து, மேலே தூக்கினால் கூரையை ஒட்டிப் படுத்துக்கொள்ளும்படி 1921-ல் செய்தார். அதன் சிறிய மாதிரி ஒன்றைத் தன் ஃபோர்டு மாடல்-டி காரின் பின்னால் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்பனையாளர்களைப் பிடித்தாராம். ஐந்து வருஷம் கழித்து, 1926-ல், கதவைத் தூக்கத் தெம்பில்லாதவர்களுக்காக என்று சொல்லி மின்சார மோட்டாரையும் அவரே கொண்டுவந்தார். இது மனத்தில் இருக்கட்டும். முதல் மோட்டார் வந்ததே பலவீனமானவர்களை முன்னிட்டுத்தான்.

அந்த மோட்டார் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பின்னால் வரும் சாவுகளெல்லாம் இதில்தான் ஒளிந்திருக்கின்றன.

இரண்டு கார் நுழையும் கதவு 16 அடி அகலம், 7 அடி உயரம் இருக்கும். எடை 70 கிலோவிலிருந்து நூறையும் தாண்டும். அதை மேலே தூக்குவது மோட்டார் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் தூக்குவது ஸ்பிரிங். கதவுக்கு மேலே குறுக்காக ஒரு இரும்புத் தண்டு ஓடும். அதில் முறுக்கேற்றிய கனமான ஸ்பிரிங் சுற்றியிருக்கும். கதவு இறங்க இறங்க ஸ்பிரிங்கில் முறுக்கு ஏறும். ஏற ஏற அந்த முறுக்கு அவிழ்ந்து கதவைத் தூக்கிக் கொடுக்கும். நம் ஊர் ஏற்றத்தில் ஒரு பக்கம் சால், மறுபக்கம் ஆள் பாரம் என்று இருக்குமே, அந்தக் கணக்குத்தான். பாரமும் எதிர்பாரமும் சமமாக இருந்தால், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட ஒரு கையால் அந்தக் கதவைத் தூக்கிவிடலாம். மோட்டாரின் வேலை லேசாகத் தள்ளிவிடுவது மட்டும். அரைக் குதிரைசக்தி மோட்டார் தாராளமாகப் போதும்.

ஸ்பிரிங்குக்கு ஆயுள் உண்டு. சாதாரண ஸ்பிரிங்கை 10,000 முறை திறந்து மூடுவதற்கென்று செய்கிறார்கள். தினம் நாலு முறை என்றால் ஏழு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். ஒருநாள் வெடிச் சத்தம் மாதிரி கேட்கும், ஸ்பிரிங் உடைந்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் மோட்டார் முனகும், கதவு நகராது. வீட்டுக்காரர் மோட்டார் போய்விட்டது என்று முடிவு கட்டிப் புதிது வாங்கக் கிளம்புவார். நல்ல மோட்டார்கள் இப்படிக் குப்பைக்குப் போவதும் உண்டு. ஆனால் ஸ்பிரிங்கை மட்டும் வீட்டுக்காரர் தானே கழற்றப் போகக் கூடாது. அதில் அடங்கியிருக்கும் விசை கையை முறிக்கும், சமயத்தில் உயிரையும் எடுக்கும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் நகரத்துக்கு வெளியே வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. லாயம் போல் தள்ளி நின்ற கராஜ் வீட்டோடு ஒட்டிக்கொண்டது. காரை உள்ளே விட்டதும் அங்கேயே ஒரு சின்னக் கதவு, அதைத் திறந்தால் சமையலறை. முன்வாசல் விருந்தாளிக்கும் தபால்காரருக்கும்தான் என்று ஆகிவிட்டது. அப்படியானால் அந்தப் பெரிய கதவு வெறும் கார் ஷெட்டுக் கதவல்ல, வீட்டு வாசற்கதவு. அதைத் திறக்கும் பொத்தானும் வீட்டுச் சாவிதான்.

ஆனால் சாவி மாதிரியா இருந்தது அது? ரேடியோ அலையால் கதவைத் திறக்கும் கருவிகள் 1930களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டன. வீடு வீடாகப் பரவியது போருக்குப் பிறகு. ஆரம்பத்தில் ரிமோட் ஒரு அலைவரிசையில் குரல் கொடுக்கும், அதைக் கேட்ட பெட்டி கதவைத் திறக்கும். யாருடைய குரல் என்று அது கேட்பதில்லை. ஒரு தெருவில் ஒருவர் வைத்திருந்தவரை தொல்லையில்லை. பத்துப் பேர் வைத்ததும் நீங்கள் உங்கள் கதவைத் திறக்க, எதிர்வீட்டுக் கதவும் சேர்ந்து திறந்தது.

அதற்காக ரிமோட்டுக்குள் குட்டிக் குட்டி சுவிட்சுகளை வரிசையாக வைத்தார்கள். எட்டு சுவிட்ச் என்றால் 256 விதமாக மாற்றி வைக்கலாம், பன்னிரண்டு என்றால் 4,096 விதம். ரிமோட்டிலும் மோட்டாரிலும் ஒரே மாதிரி வைத்தால்தான் திறக்கும். அக்கம்பக்கத்துத் தொல்லைக்கு இது போதும். திருடனுக்குப் போதுமா என்ற கேள்விக்குத்தான் ரொம்ப நாள் கழித்துப் பதில் வந்தது. 2015-ல் சாமி கம்கார் என்ற அமெரிக்கக் கணினி ஆராய்ச்சியாளர், சிறுமிகள் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பி விளையாடும் மாட்டெல் கம்பெனியின் பழைய பொம்மை ஒன்றை எடுத்து, கொஞ்சம் மாற்றி, இந்த வகைக் கதவுகளைப் பத்து விநாடிக்குள் திறந்து காட்டினார். ரிமோட் அனுப்புகிற முறையிலேயே 4,096 எண்களையும் ஒவ்வொன்றாக அனுப்பினால் ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகியிருக்கும். அவர் தந்திரம் வேறு. அந்தப் பெட்டி ஒரு எண் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று பார்ப்பதில்லை. வந்துகொண்டே இருக்கும் வரிசையில் தன் எண் எங்காவது தென்பட்டால் திறந்துவிடும். 00, 01, 11, 10 என்று நாலையும் தனித்தனியாகச் சொன்னால் எட்டு இலக்கம். 00110 என்று ஐந்தே இலக்கத்தில் நாலும் அடங்கிவிடுகின்றன, எண்ணிப் பாருங்கள். அதையே பன்னிரண்டு இலக்கத்துக்கு விரித்தார்.

இந்த வரிசைக்கு டி ப்ரைன் என்ற டச்சுக் கணித அறிஞரின் பெயரை வைத்திருக்கிறார்கள். 1946-ல் எழுதினார். ஆனால் 1894-லேயே ஃப்ளீ சேன்த்-மாரி என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு கணிதப் பத்திரிகையில் வந்த கேள்விக்குப் பதிலாக இந்தக் கணக்கைப் போட்டுவிட்டார், பிற்பாடு டி ப்ரைனே அதை ஒப்புக்கொண்டார். கராஜ் என்ற சொல்லும் பிரெஞ்சு, கராஜை உடைக்கும் கணக்கும் பிரெஞ்சு. எனக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு என்பதை மறைக்கப்போவதில்லை.

திருட்டு போகட்டும். உயிர் விஷயத்துக்கு வருகிறேன்.

ஸ்பிரிங் பாரத்தைத் தாங்குவதால் மோட்டாருக்கு வேலை குறைவு என்றேன். அதற்காகக் கீழே இறங்கும் கதவு சாதுவானது என்று நினைத்துவிடக் கூடாது. மோட்டார் கீழ்நோக்கித் தள்ளிக்கொண்டு வரும்போது நடுவில் ஏதாவது மாட்டினால், அது பெட்டியா பிள்ளையா என்று அதற்குத் தெரியாது. பழைய மோட்டார்கள் சிலவற்றில், எதிலாவது இடித்தால் கதவு மேலே திரும்பிப் போகும் ஏற்பாடே இல்லை. பிள்ளைகளுக்கோ அது விளையாட்டு. பொத்தானை அழுத்திவிட்டுக் கதவு மூடுவதற்குள் கீழே புகுந்து வெளியே ஓடுவது.

அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட எச்சரிக்கையில் அந்த எண்ணிக்கை இருக்கிறது. 1982 மார்ச் முதல் எண்ணிக்கொண்டு வந்ததில், 2 வயது முதல் 14 வயது வரையுள்ள ஏறத்தாழ 60 பிள்ளைகள் தானியங்கிக் கதவுகளுக்கு அடியில் சிக்கி இறந்திருக்கிறார்கள். வருஷத்துக்கு நாலு என்ற கணக்கு. முழு நாட்டுக்கு வருஷத்துக்கு நாலு என்றால் சின்ன எண்ணாகத் தெரியும். நான் பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதும் பிரிவில் சில காலம் இருந்தவன். எங்கள் ஊரில் அதை இன்னும் 'எத்தா சிவீல்' என்றே சொல்லுவோம். ஒரு பக்கத்தில் நாலு வரி வரும். அந்த நாலு வரிக்கும் நாலு தகப்பன்மார் வந்து மேசைக்கு முன்னால் நிற்பார்கள். எண்ணிக்கையாக எனக்கு அது எப்போதும் தெரிந்ததில்லை.

இடித்தால் இரண்டு விநாடிக்குள் திரும்ப வேண்டும் என்ற விதி காகிதத்தில் இருந்தது. அது கம்பெனிகள் தாங்களாக ஏற்றுக்கொண்ட தரம், சட்டம் அல்ல. அதுவும் போதவில்லை. இடித்த பிறகு திரும்புவது என்றாலே முதலில் இடிக்க வேண்டுமல்லவா? நாளாக ஆகத் தடம் இறுகி, அளவு தவறி, திரும்பும் விசை மந்தமாகிவிடும். 1990-ல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் இயற்றி அந்தத் தரத்தைக் கட்டாயமாக்கியது. அதன்படி 1993 ஜனவரி 1 முதல் தயாராகும் எல்லா வீட்டு மோட்டார்களிலும், இடிப்பதற்குக் காத்திராத இரண்டாவது காவல் ஒன்று வேண்டும் என்றாயிற்று. கதவின் இரு பக்கமும் தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்கு மேற்படாத உயரத்தில் எதிரெதிரே இரண்டு சின்னக் கண்கள். ஒன்றிலிருந்து மற்றதற்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றை போகும். குறுக்கே பூனை போனாலும் கதவு நின்று திரும்பும். ஆறு அங்குலம் ஏன்? தவழும் குழந்தையையும் தரையில் கிடப்பவரையும் அது பார்க்க வேண்டும், அதற்காக.

அதனால் இன்றும் ஒரு வீட்டில் அந்தக் கண்கள் இல்லையென்றால், அந்த மோட்டார் 1993-க்கு முந்தையது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அது ஓடுகிறதா என்பது கேள்வியே அல்ல; மாற்ற வேண்டும். 'இன்னும் ஓடுகிறதே' என்பது சிக்கனக்காரர்களின் வாதம். ரேடியோப் பெட்டிக்கு அந்த வாதம் பொருந்தும்.

பிரெஞ்சுக்காரர்கள் இதே சமயத்தில் என்ன செய்தார்கள் என்று தேடிப் பார்த்தேன், பழக்கதோஷம். அங்கே தனி வீட்டை விட அடுக்குமாடிக் கட்டடத்தின் பொதுக் கதவுகள்தான் பிரச்சினை. 1989 ஜூன் 23 தேதியிட்ட சட்டமும் அதைத் தொடர்ந்து 1990 ஜூலையில் வந்த அரசாணையும் அவற்றைக் கட்டுப்படுத்தின. கதவு அசைவதற்குக் குறைந்தது இரண்டு விநாடி முன்பே ஆரஞ்சு விளக்கு மின்ன வேண்டும், உள்ளேயும் வெளியேயும் தெரிய வேண்டும். கதவு புழங்கும் இடத்தைத் தரையில் கோடு போட்டுக் காட்ட வேண்டும். அதோடு, கட்டட உரிமையாளர் பராமரிப்புக்கென்று எழுத்துமூலம் ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும். அமெரிக்கச் சட்டம் பொருளைத் தொழிற்சாலை வாசலோடு பிடித்தது. மாதம் ஒருமுறை நீங்களே சோதித்துப் பாருங்கள் என்று வீட்டுக்காரருக்கு அறிவுரை சொல்லி விட்டுவிட்டது. பிரெஞ்சுச் சட்டம் பொருளை மாட்டிய பிறகும் பின்தொடர்ந்தது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது. குமாஸ்தா புத்தி என்று நீங்கள் சொல்லலாம்.

கண் வைத்தாயிற்று, இனி திருடனைப் பார்ப்போம் என்று 1990களில் கம்பெனிகள் ரிமோட்டின் பக்கம் திரும்பின. ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் எண் மாறும் முறை வந்தது. ரிமோட்டும் மோட்டாரும் ஒரே ரகசியக் கணக்கை வைத்துக்கொண்டு, அடுத்த எண் என்ன என்று தனித்தனியே போட்டுக்கொள்ளும். நேற்று ஒட்டுக்கேட்ட எண் இன்றைக்குச் செல்லாது. நல்ல ஏற்பாடு.

அந்த நல்ல ஏற்பாட்டைக் காட்டித்தான் ஒரு வழக்கு வந்தது. சேம்பர்லின் என்ற பெரிய மோட்டார் கம்பெனி, தன் கதவுகளையும் திறக்கும் பொது ரிமோட் ஒன்றை விற்ற ஸ்கைலிங்க் கம்பெனி மீது வழக்குப் போட்டது. பயன்படுத்திய ஆயுதம் பதிப்புரிமைச் சட்டம்! மோட்டாருக்குள் ஒரு மென்பொருள் இருக்கிறது, அது எங்கள் படைப்பு, மாறும் எண் என்பது அதற்குப் போட்ட பூட்டு, அந்தப் பூட்டைத் தாண்டுவது 1998-ம் வருஷத்துச் சட்டப்படி குற்றம் என்றது. இது ஜெயித்திருந்தால், ரிமோட் தொலைந்துபோனவர் தன் சொந்த வீட்டுக் கதவைத் திறக்க வேறு கம்பெனி ரிமோட் வாங்கினால் சட்ட விரோதம். 2004 ஆகஸ்ட் 31-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த வாதத்தை நிராகரித்தது. காசு கொடுத்து வாங்கியவருக்குத் தன் மோட்டாரில் உள்ள மென்பொருளைப் பயன்படுத்த உரிமை உண்டு. பதிப்புரிமை எதுவும் மீறப்படாத இடத்தில் பூட்டைத் தாண்டினார் என்பது மட்டும் குற்றமாகாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். டிஜிட்டல் உரிமை பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் இந்தக் கார் ஷெட்டு வழக்கைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள்.

அதே 2004-ல் வேறொரு வேடிக்கை. ஃப்ளோரிடாவில் எக்லின் விமானப் படைத் தளத்தைச் சுற்றியிருந்த வீடுகளில் திடீரென்று ரிமோட் வேலை செய்யவில்லை. ராணுவம் 380 முதல் 400 மெகாஹெர்ட்ஸுக்குள் புதிய ரேடியோ முறையைச் சோதித்துக்கொண்டிருந்தது; ரிமோட்டுகளில் பல 390-ல் பேசுகிறவை. ராணுவத்தின் சத்தத்தில் ரிமோட்டின் முணுமுணுப்பு மோட்டாருக்குக் கேட்கவில்லை. புகார் செய்தவர்களுக்குக் கிடைத்த பதிலை என்னைப் போன்றவர்கள் ரசிப்பார்கள். அந்த அலைவரிசை நெடுங்காலமாக ராணுவத்துக்கு ஒதுக்கப்பட்டது. ரிமோட் உரிமம் இல்லாமல் ஓரமாகப் புழங்கும் கருவி. பிறர் குறுக்கீட்டை அது பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். புறம்போக்கில் கடை போட்டவரிடம் தாசில்தார் சொல்வதுதான். கம்பெனிகள் பிற்பாடு வேறு அலைவரிசைகளுக்கும் இடம் கொடுத்து மோட்டார் செய்யத் தொடங்கின.

இப்போது வருகிறவை இன்டர்நெட் மோட்டார்கள். கைபேசியில் தொட்டால், ஊரில் இல்லாதபோதும் கதவு திறக்கும். கூரியர்காரருக்குத் திறந்துவிடலாம், கதவை மூடினோமா என்று ஆபீஸிலிருந்து பார்த்துக்கொள்ளலாம். என் மகள் இதைத்தான் விரும்பி வாங்கினாள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் உங்கள் விரல் கதவிடம் பேசுவதில்லை. கம்பெனியின் கணினியிடம் பேசுகிறது. அது கதவிடம் பேசுகிறது. 2023 இலையுதிர் காலத்தில் அதே சேம்பர்லின், தன் சொந்தச் செயலியும் தான் ஒப்புதல் கொடுத்தவையும் தவிர மற்ற மென்பொருள்கள் தன் கணினியோடு பேசுவதைத் தடுத்துவிட்டது. வீட்டு விளக்கு, ஃபேன் எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து இயக்கும்படி தாங்களே அமைத்துக்கொண்டவர்களின் வீட்டில் கதவு மட்டும் ஒருநாள் பேச்சை நிறுத்திக்கொண்டது. சொற்பப் பேர் எங்கள் கணினிக்கு அளவுக்கு மீறிச் சுமை கொடுக்கிறார்கள் என்பது கம்பெனியின் நியாயம். இருக்கலாம். 2004-ல் நீதிமன்றத்தில் தோற்ற விஷயம், கதவு ஒரு பொருளாக இருந்த வரைக்கும்தான் தோல்வி. அதை ஒரு சேவையாக மாற்றியதும், வழக்கே போடாமல் கிடைத்துவிட்டது. கைவேலை தெரிந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. மோட்டாரின் சுவர்ப் பொத்தானுக்குப் போகும் கம்பியிலேயே சின்னப் பலகை ஒன்றை இணைத்து, கம்பெனியைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

இந்தப் பேட்டரிச் சட்டத்துக்கு வர, காலத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

2017 அக்டோபர் 8 இரவு வட கலிபோர்னியாவில் கடுங்காற்று. காலிஸ்டோகா என்ற ஊருக்கருகே பிடித்த நெருப்பு விடிவதற்குள் சான்டா ரோசா நகரத்துக்குள் வந்துவிட்டது. டப்ஸ் தீ என்று பெயரிட்டார்கள். அந்த ஒரு தீயில் மட்டும் 22 பேர் இறந்தார்கள், 5,600-க்கு மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. அதே வாரத்தில் சுற்றுப்புற மாவட்டங்களிலும் தீ. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் புகை நாற்றத்தில் எழுந்தார்கள். மின்சாரம் போயிருந்தது.

வீட்டு வாசல் வழியாக நடந்தே போயிருக்கலாமே என்று இங்கிருந்து நமக்குத் தோன்றும். காற்றோடு ஓடிவரும் காட்டுத் தீயை விட்டு நடந்து தப்ப முடியாது. வயதானவர்களால் நிச்சயமாக முடியாது. கார் வேண்டும். கார் கராஜுக்குள். கராஜின் கதவு மோட்டாருக்குக் கட்டுப்பட்டது. மோட்டார் செத்துக் கிடக்கிறது. அந்தத் தீக்களில் கராஜ் கதவைத் திறக்க முடியாமல் குறைந்தது ஐந்து பேர் இறந்தார்கள் என்று சட்டமன்றத்தில் சொல்லப்பட்டது. அந்தப் பகுதியின் செனட்டர் பில் டாட் கொண்டுவந்த 969-ம் எண் மசோதா 2018-ல் சட்டமாகி, 2019 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. மாப்பிள்ளை சந்தேகப்பட்ட சட்டம் இதுதான். கடைக்காரர் சொன்னது உண்மை.

தெம்பில்லாதவர்களுக்காக 1926-ல் வந்த கருவி, 2017-ல் தெம்பில்லாதவர்களைத்தான் உள்ளே வைத்துப் பூட்டியது. இதில் இன்னொரு கொடுமை, திறப்பதற்கு வழி இருந்தது. எல்லா மோட்டாரிலும், கூரைத் தடத்திலிருந்து ஒரு சிவப்புக் கயிறு தொங்கும், நுனியில் ஒரு கைப்பிடியோடு. அதை இழுத்தால் கதவு மோட்டாரிலிருந்து கழன்றுவிடும். பிறகு கையால் தூக்கலாம். இருட்டில், புகையில், காருக்கு மேலே தொங்கும் அந்தக் கயிற்றைக் கண்டுபிடிக்க வேண்டும். வாழ்நாளில் ஒருமுறையாவது இழுத்துப் பார்த்திருக்க வேண்டும். பொத்தானே பழகிய கைக்கு அது எதற்கென்றே தெரிவதில்லை. ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் கயிறு கிடைத்தும் பயனில்லை; 80 கிலோவை யார் தூக்குவது?

பேட்டரி அந்த நேரத்துக்கு உதவும். மின்சாரம் போன பிறகும் கதவைச் சில முறை திறந்து மூடும். ஆனால் பேட்டரிக்கும் வயதாகும், சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றினார்களா என்று பார்க்க அங்கே யாரும் வரப்போவதில்லை. பிரெஞ்சுக்காரனின் பராமரிப்பு ஒப்பந்தம் நினைவுக்கு வருகிறது.

மகளிடம் எழுதிச் சொன்னதை இங்கேயும் வைக்கிறேன், வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் நண்பர்கள் பலர் இதைப் படிக்கிறார்கள். கதவு முழுவதும் மூடியிருக்கும்போது சிவப்புக் கயிற்றை இழுக்கச் சொல்லுங்கள். திறந்திருக்கும்போது இழுக்கக் கூடாது. ஸ்பிரிங் உடைந்திருந்தால் கதவு அப்படியே தலையில் இறங்கும். இழுத்த பிறகு கையால் தூக்கிப் பார்க்க வேண்டும். இடுப்பு உயரத்துக்குத் தூக்கிவிட்டுக் கையைத் தளர்த்தினால் அங்கேயே நிற்க வேண்டும். நழுவி இறங்கினால் ஸ்பிரிங்குக்கு ஆள் கூப்பிட வேண்டும், மோட்டாருக்கு அல்ல. பிறகு கதவை மூடி மோட்டாரோடு மறுபடி இணைத்து, திறந்து, கதவு வந்து தொடும் இடத்தில் தரையில் ஒரு மரக்கட்டையைப் படுக்க வைத்து மூடிப் பார்க்க வேண்டும். கட்டையில் பட்டதும் கதவு திரும்பி மேலே போக வேண்டும். போகவில்லையென்றால் அன்றைக்கே மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கயிற்றை அவர்கள் கையாலேயே ஒருமுறை இழுக்கச் சொல்லுங்கள். எட்டவில்லை என்றால் கயிற்றை நீளமாக்கிக் கட்டலாம், அதற்குச் செலவு ஒன்றுமில்லை.